பறவைக்கு நிலம்; பாட்டாளிக்கு வேலி!

வரலாற்று வகுப்பு. இங்கிலாந்தின் வேட்டைச் சட்டங்களை விளக்கிக்கொண்டிருந்தோம். ஆண்டுக்கு 100 பவுன் வருவாய் தரும் சொந்த நிலமேனும், உயர்குடிப் பிறப்பேனும் இருந்தாலன்றி ஒருவன் கவுதாரியை வேட்டையாடலாகாது என்றது 1671ஆம் ஆண்டுச் சட்டம். ஏழை உழவன் தன் வயலில் தானியம் கொத்தும் பறவையையும் தொடக்கூடாது! 1831இல்தான் அந்தத் தகுதிமுறை ஒழிந்தது என்றோம்.

கடைசி வரிசை மாணவன் எழுந்தான். "பறவைக்குப் பட்டா எழுதிக் கொடுத்தது யார், ஐயா?" என்றான். வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம். "சட்டம் என்றால் சட்டம், உட்கார்!" என்றோம்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. கேட்டவனை உட்காரவைக்கவா பட்டம் பெற்றோம்? ஏடுகளைப் புரட்டினோம்.

அங்கே, டெர்பிஷயர் மாவட்டத்தில், கிண்டர் ஸ்கவுட் என்றொரு மேட்டுநிலம். கவுதாரியை ஒத்த 'கிரௌஸ்' எனும் பறவை அங்கு வாழ்கிறது. அது தின்னத் தளிர் வேண்டுமென்று புதர்களைப் பகுதி பகுதியாகக் கொளுத்துவர். அதைத் தின்னும் நரியைக் கொல்வர். என்னே கருணை என்கிறீர்களா? பொறுங்கள்! ஆகஸ்டு 12 பிறந்ததும், கூலியாட்கள் கொடி வீசிப் பறவைகளை விரட்டுவர். மறைவிடத்தில் நிற்கும் சீமான்கள் சுட்டு வீழ்த்துவர். வளர்த்தது வாழவைக்க அன்று, வீழ்த்த! சில நாள் விளையாட்டுக்காக, ஆண்டு முழுதும் அடைப்பு. அண்டை நகராம் மான்செஸ்டரின் ஆலைப் புகையில் வெந்தவனுக்கு, ஞாயிறன்று நடக்கவும் அங்கே இடமில்லை.

1932 ஏப்ரல் 24. நானூறு பேர் அளவில் மேட்டில் ஏறினர். முன்னின்றவர் பென்னி ராத்மன், வயது இருபது. காவலாட்களுடன் கைகலப்பு மூண்டது. காவலாள் ஒருவர் காயமுற்றார். அத்துமீறி நுழைவது அன்று அங்கே குற்றமே அன்று. ஆகவே கலகம் என்று வழக்கிட்டனர். ஐந்து இளைஞர் சிறை புகுந்தனர். ராத்மனுக்கு நான்கு திங்கள்.

சிறை வென்றதா? 1951இல் அப்பகுதி நாட்டின் முதல் தேசியப் பூங்காவாயிற்று. 2000இல், திறந்த மேட்டுநிலங்களில் நடக்கும் உரிமையைச் சட்டமே வழங்கிற்று. 2002இல், அந்நாள் நிலவுடைமையாளரான டெவன்ஷயர் பிரபுவின் பேரர், பாட்டனார் செய்தது தவறென்று மக்கள் முன் வருத்தம் தெரிவித்தார். வேட்டை இன்றும் ஒழியவில்லை. ஆனால் நடப்பவனைத் தடுத்த வேலி வீழ்ந்தது.

மறுநாள் அம்மாணவனை எழச் சொன்னோம். அஞ்சி எழுந்தான். "தம்பி, நேற்று நீ கேட்டது சரி, நாம் சொன்னதுதான் தவறு" என்றோம். இம்முறை வகுப்பில் எவரும் சிரிக்கவில்லை.

சட்டம் மனிதன் எழுதியது. எழுதியவன் கை திருத்தவும் வல்லது. ஆனால், அதற்கு முன் எவனோ ஒருவன் எழுந்து நின்று கேட்க வேண்டும். அவனை உட்காரச் சொல்லாதிருப்பதே ஆசிரியன் கடமை!