கரையேறிய கடலடி

2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேர். அபர்தீன் பஜாரில் காலை ஆறரைக்கு ஆட்டோ பிடித்தேன். கார்பின்ஸ் கோவ் கடற்கரைக்கு ஆறேழு கிலோமீட்டர், 250 ரூபாய். ஓட்டுநரின் தாத்தா ராமநாதபுரத்திலிருந்து வந்தவராம். "இவ்வளவு காலையில குளிக்கவா சார்?" என்றார். பாறை பார்க்க என்றேன். "அந்தக் கல்லா? அது சுனாமி கொண்டாந்து போட்டது சார்."

ஜப்பானியர் காலத்துப் பதுங்குகுழியைத் தாண்டி இறங்கினோம். தென்னைகளுக்குக் கீழே ஆளே இல்லை. நீர் வற்றும் நேரம் பார்த்துத்தான் வந்திருந்தேன். கரையோரமாகவே நடந்தால் மணல் முடிந்து பாறை தொடங்குகிறது. பாசி வழுக்கியது.

உருண்டு வந்த கற்கள் அல்ல இவை. பழுப்பு மணற்கல் ஒரு பட்டை, கருஞ்சாம்பல் களிப்பாறை ஒரு பட்டை என்று மாறி மாறி, சரிந்து நின்றபடி, அலைக்குள்ளிருந்து கரைமேடு வரை அறுபடாமல் போகின்றன. சுனாமி புரட்டிய கல் இப்படி வரிசை பிடிக்காது. இருபது தப்படிக்குள் 23 மணற்கல் பட்டைகளை எண்ணினேன். பல நான்கு விரல் கனம். ஒன்று மட்டும் முழங்கால் அளவு.

அந்தக் கனத்த பட்டையருகே வெகுநேரம் உட்கார்ந்துவிட்டேன். அடிப்பக்கம் விரலுக்கு ரவை போலச் சொரசொரக்கிறது. மேலே போகப்போக மாவாகிறது. பிறகு மெல்லிய கோடுகள், சிற்றலையின் வடு, கடைசியில் களி. அடுத்த பட்டை மறுபடி ரவையில் தொடங்குகிறது. தினம் கொஞ்சமாகச் சேர்ந்த வண்டலில் இந்த ஒழுங்கு வராது. கடலுக்குள் சரிவில் குவிந்த மணலும் சேறும் ஒருநாள் மொத்தமாகச் சரிந்து, கலங்கல் வெள்ளமாக ஆழத்துக்குப் பாய்கின்றன. வேகம் குறையும்போது கனத்த மணி முதலில் இறங்கும், களி கடைசியில். 1929இல் கிராண்ட் பேங்க்ஸ் நிலநடுக்கத்துக்குப் பின் இப்படிப் பாய்ந்த வெள்ளம்தான் அட்லாண்டிக் கடலடித் தந்திக் கம்பிகளை ஒன்றன்பின் ஒன்றாக அறுத்தது.

லென்ஸில் பார்த்தால் குவார்ட்ஸ் மணிகளுக்கிடையே காக்காப்பொன் மினுங்குகிறது. இந்தத் தீவின் கரும்பச்சை எரிமலைப் பாறையை அரைத்தால் இப்படி மணல் வராது. பெருமலை ஒன்று கரைந்து வந்திருக்க வேண்டும். இந்தப் படிவுக்கு வயது சுமார் 3 கோடி ஆண்டு. இந்திய நிலத்தட்டு ஆசியாவை முட்டி இமயம் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. மலை எழ எழச் சரிவு செங்குத்தாகும், ஆறு வேகமெடுக்கும், உடைந்ததெல்லாம் கடலுக்குப் போகும். இமயத்தின் பங்கு எவ்வளவு, மியான்மர் மலைகளின் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

மணல் வரத்து இன்றும் நிற்கவில்லை. கங்கையும் பிரம்மபுத்திராவும் ஆண்டுக்கு ஏறத்தாழ 100 கோடி டன் வண்டல் சுமக்கின்றன. அது வங்கக் கடலடியில் சுமார் 3,000 கிலோமீட்டர் நீள விசிறியாக, இலங்கைக்குத் தெற்கேயும் பரந்து கிடக்கிறது. 2015இல் ஓர் ஆய்வுக் கப்பல் 8 டிகிரி வடக்கில், அதாவது கிட்டத்தட்ட கன்னியாகுமரியின் நேர்கோட்டில், கடலடியைத் துளைத்தது. மேலே வந்தது இமயத்து மணலும் களியும்.

அப்படியானால் ஆழத்தில் படிந்தது இங்கே எப்படிக் கரையேறியது? இந்தியத் தட்டு இந்தத் தீவுகளுக்கு அடியில் நுழைகிறது. நுழையும்போது மேலிருந்த படிவு சுரண்டப்பட்டு, மடங்கி, குவிந்து எழுந்துவிட்டது. பட்டைகள் படுக்காமல் சரிந்து நிற்பதற்குக் காரணம் அதுதான்.

ஏழே முக்காலுக்கு நீர் ஏறத் தொடங்கியது. ஓட்டுநர் இளநீரோடு வந்தார். ஒன்று 60 ரூபாய். அவரையும் பாறையைத் தடவிப் பார்க்கச் சொன்னேன். "கீழ ரவை, மேல மாவு சார்" என்றவர், திரும்பும்வரை சுனாமிப் பேச்சை எடுக்கவில்லை.

சுனாமி இந்தக் கல்லைக் கொண்டுவரவில்லை. ஆனால் அந்தச் சுனாமியை எழுப்பிய 2004 நிலநடுக்கத்தில் இந்த ஊர்ப்பக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. மத்தியானம் பக்கத்திலிருக்கும் சிப்பிகாட்டுக்குப் போனேன். நெல் விளைந்த வயலில் கடல்நீர் நிற்கிறது.