ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீற்றர்

பலெர்மோவில் நான் நடத்திய வழக்குகளில், ஒரு மருந்துச் சீட்டே எதிர்த் தரப்பின் பெரிய ஆயுதமாக வந்தது இந்த ஒன்றில்தான்.

வழக்காளி, போர்கோ வெக்கியோவில் உச்சார்தோனே சிறைச்சாலைக்குக் கிட்டக் குடியிருந்த யாழ்ப்பாணத்து அக்கா. ஒரு வீட்டில் பதிவில்லாத வேலை. கண்ணாடிக் கதவு உடைந்து வலது மணிக்கட்டை வெட்டியதில், பெருவிரலுக்கும் அடுத்த விரல்களுக்கும் உணர்வு கொடுக்கும் நடுநரம்பு அறுந்துபோனது. அன்றே தைத்தார்கள். பதிவில்லாத வேலையாளுக்கும் விபத்துக் காப்புறுதி உண்டென்று 1965ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது, சாட்சிகளும் கிடைத்தார்கள். வேலை செய்ததை மறுக்க முடியாமல் போனதும் வீட்டுக்காரர் தரப்பு வாதத்தை மாற்றியது: மருந்தால் நரம்பு ஆறிவிடும், நிரந்தரப் பாதிப்பில்லை, நட்டஈடும் தேவையில்லை.

அவர்களுடைய அறிக்கையில் ரீட்டா லேவி மொந்தால்சினியின் பெயர் இருந்தது. நரம்பு வளர்ச்சிக் காரணிக்காக 1986இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். இத்தாலியில் அந்தப் பெயருக்குத் தனி மதிப்பு. அந்தக் காரணியை வைத்துச் செய்த செனெகெர்மின் 2017இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றதும் உண்மைதான். ஆனால் அது கண்ணில் விடும் துளிமருந்து. நரம்பு கெட்டுக் கருவிழி புண்ணானவர்களுக்கானது. நீரிழிவால் நரம்பு கெட்டவர்களுக்கு அதே காரணியை ஊசியாகப் போட்ட பெரிய பரிசோதனை பலன் தரவில்லை. அறுந்த கை நரம்பை வளர்த்துத் தரும் என்று அனுமதி பெற்ற மருந்து எதுவும் இல்லை. அக்காவின் சீட்டில் இருந்தவை ப்ரீகபலினும் பி12உம். முன்னது எரிவை அடக்கும், பின்னது சத்துக் குறைந்தவருக்கு உதவும்.

"உந்தக் குளிசையளைப் போட்டா விறைப்பு மாறிடுமோ தம்பி?" என்று அவர் கேட்டபோது இல்லை என்று சொல்வது எனக்குப் பெரும் பாடாக இருந்தது.

நீதிமன்றம் நியமித்த வைத்தியர் அவரைக் கண்ணை மூடச் சொன்னார். வலது கை விரல் நுனிகளுக்கிடையில் ஒரு சாவி, ஒரு நாணயம், ஒரு சட்டைப் பொத்தான் என்று மாறி மாறி வைத்தார். மூன்றையும் உருட்டிப் பார்த்து, "என்னவோ இருக்கு" என்றார் அக்கா. இடது கைக்கு மாற்றியதும் தொட்டவுடனே பெயர் சொன்னார். தைத்த நரம்பு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீற்றர்தான் வளரும். மணிக்கட்டிலிருந்து விரல் நுனிக்கு ஒரு வருடத்துக்குள் வந்திருக்க வேண்டும், இரண்டு வருடம் கழிந்தும் வராத உணர்வு இனி முழுதாகத் திரும்பாது என்று வைத்தியர் எழுதினார். நீதிபதி அதை அப்படியே ஏற்று, நிரந்தரப் பாதிப்புக்கும் இழந்த உழைப்புக்கும் சேர்த்து நட்டஈடு விதித்தார். மேன்முறையீடு வரவில்லை.

நரம்புக் காயத்தோடு வருகிறவர்களிடம் இப்போதும் நான் முதலில் கேட்பது நரம்பின் மின்பரிசோதனை அறிக்கையைத்தான். மருந்துச் சீட்டு அதற்குப் பிறகு.