உறைபனியும் ஒரு நூல் இடைவெளியும்

மார்கழி பிறந்துவிட்டால் தலைகுந்தாவிலும் காந்தலிலும் புல்வெளி உறைபனியால் வெளுத்துக் கிடக்கும் புகைப்படம் பத்திரிகைகளில் வருவதும், அதைக் காணப் பிரயாணிகள் உதகைக்குத் திரள்வதும் வருஷந்தோறும் நடக்கிற காரியம். அதே வைகறையில், காரட் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்க வேண்டிய பழைய பெட்ரோல் வண்டிகள் எவ்விதம் உயிர் பெறுகின்றன என்று விசாரித்தவர்கள் அதிகம் இருக்கமாட்டார்கள். தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் கணக்கெழுதும் என் நண்பர், அதை அறிய விரும்பினால் காந்தல் பக்கம் பட்டறை வைத்திருக்கும் பாயைப் பார்க்க வேண்டும், அதுவும் விடிவதற்கு முன்பே பார்க்க வேண்டும் என்று சொல்லி என்னை அழைத்துப் போனார்.

அந்த நிபந்தனைக்குத் தக்க காரணம் இருந்தது. குளிரில் எஞ்சின் எடுக்கவில்லை என்ற குறையைக் குளிர்ந்த எஞ்சினில்தான் பார்க்க முடியும். ஒருமுறை உறுமிச் சூடேறிவிட்டால் அன்றைய பரீட்சை முடிந்தது, மறுநாள் விடியும் வரை காத்திருக்க வேண்டியதுதான். ஆகையால் சோக் வேலை என்று வரும் வண்டியை முதல் நாள் இரவே பட்டறை வாசலில் திறந்த வெளியில் விட்டுப் போகச் சொல்வது பாயின் வழக்கம்.

அன்று நின்றது ஒரு மஹிந்திரா எஃப்.சி. பிக்கப். வில்லிஸ் ஜீப்பின் வம்சத்தில் வந்த ‘ஹரிகேன்’ பெட்ரோல் எஞ்சின்: நாலு சிலிண்டர், 2.2 லிட்டர். இன்லெட் வால்வு தலையிலும் எக்ஸாஸ்ட் வால்வு பக்கவாட்டில் பிளாக்கிலும் அமைந்த விசித்திரப் பிறவி அது. எஞ்சின் இரண்டு ஆசனங்களுக்கும் நடுவே ஒரு மூடிக்குள் இருப்பதால், பாய் காபினுக்குள் மண்டியிட்டே வேலை பார்த்தார்.

“செல்ஃப் அடிச்சு அடிச்சு பேட்டரி இறங்கிடுது பாய், சோக்கைக் கொஞ்சம் டைட்டா வச்சுடுங்க” என்றார் வண்டிக்காரர்.

பெட்ரோல் ஆவியாகிக் காற்றோடு கலந்த பிறகே எரியும். சூடான எஞ்சினில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு, எடைக் கணக்கில், சுமார் 15 பங்கு காற்று என்பது பிரமாணம். குளிரில் பெட்ரோலின் பெரும் பகுதி ஆவியாகாமல் குழாய்ச் சுவரில் ஈரமாக ஒட்டிக்கொள்வதால், சோக் தகட்டை மூடிக் காற்றின் வாயை அடைத்து, உறிஞ்சுதலை மிகுத்து, ஜெட்டிலிருந்து கூடுதலாகப் பெட்ரோலை இழுக்கிறோம். ஆனால் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்குதான். சமவெளிக்கென்று டியூன் செய்த கார்புரேட்டர் இங்கே இயல்பாகவே பெட்ரோலை அதிகம் ஊற்றும். விடியலில் அதிகம் கேட்பதும் சற்று தூரம் ஓடியதும் குறைக்கச் சொல்வதும் ஒரே மலைதான். இங்கே சோக் முழுதும் திறவாமல் சிறிதளவு மூடி நின்றுவிட்டால் கரும்புகை வரும், பிளக் கறுக்கும், மிகுந்த பெட்ரோல் சிலிண்டர் சுவரின் எண்ணெயைக் கழுவிக்கொண்டு போய் எஞ்சின் ஆயிலையும் நீர்த்துப்போகச் செய்யும்.

பாய் பட்டறையில் உதவிக்கு நின்ற பையனைச் சோக் குமிழை இழுக்கச் சொல்லிவிட்டு டார்ச் அடித்துத் தகட்டைப் பார்த்தார். குமிழ் முழுதும் வெளியே வந்தது, தகடோ முக்கால்தான் மூடியது. கேபிளின் மேலுறையைப் பிடித்திருந்த கிளாம்பு தளர்ந்து, கம்பியோடு உறையும் சேர்ந்து நகர்ந்துகொண்டிருந்தது. “இது மூடவும் இல்லை, திறக்கவும் இல்லை” என்றார். தகட்டை முழுதும் திறந்து வைத்து, குமிழை அரை நூல் வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு கிளாம்பை முடுக்கினார். உள்ளே தள்ளும்போது தகடு தடையின்றித் திறந்தே தீர வேண்டும் என்பதற்கே அந்த அரை நூல் தளர்ச்சி.

கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றிக் கழுவிய படலத்தை வாசகரின் கற்பனைக்கு விட்டுவிடுகிறேன். என் சிந்தையைக் கவர்ந்தது, அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்த ஒரு தேய்ந்த டிரில் பிட். முனை மழுங்கித் துளையிட உதவாமற்போன அதன் வழவழப்பான அடித்தண்டை, சோக் இழுத்திருக்கையில் ஆக்ஸிலேட்டர் தகடு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை அளக்கும் கோலாக அவர் வைத்திருந்தார். குளிர்ந்த எஞ்சின் நின்றுபோகாமல் சற்று வேகமாகச் சுழல அந்தச் சந்து வேண்டும். ஸ்குருவைத் திருகித் திருகி, தண்டு உராய்ந்தும் உராயாமலும் நுழையும் வரை அவர் விடவில்லை. பிறகு சோக்கை முழுதும் இழுக்கச் செய்து செல்ஃப் அடிக்க, எஞ்சின் இரண்டு இருமல் இருமி எடுத்துக்கொண்டது.

சிரத்தை மிகுந்த இந்த வேலைக்குக் கிடைக்கும் கூலியைப் பற்றிச் சொல்லாமலிருக்க முடியவில்லை. கீழேயிருந்து வரும் தரகர்கள் பழைய வண்டிகளைக் காயலான்கடை விலைக்கு வாங்கி, பாயிடம் கொடுத்து ஓட்டத்துக்குக் கொண்டுவந்து, ஆசைக்காரப் பணக்காரர்களிடம் லட்சக் கணக்கில் தள்ளிவிடுகிறார்கள். கூலி பேசும்போது திருப்புளி பிடித்த அரை மணி நேரத்தை மட்டும் எண்ணுகிறார்கள். குளிருக்காகக் காத்திருந்த இரவு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. உழைப்பின் பெரும்பங்கே காத்திருத்தல்தான் என்னும் தொழிலில் அதற்கு விலை மறுப்பது பகற்கொள்ளைக்கு ஒப்பானது. கூலி இப்படியிருக்க, வேலையும் அருகிவருகிறது. 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6 மாசு விதிக்குப் பின் புது மோட்டார் சைக்கிள்களிலும் கார்புரேட்டர் பெரும்பாலும் மறைந்தது; பாயின் மகன் சோக்கையே தொட்டறியாத வண்டிகளைக் கம்பெனிப் பட்டறையில் பழுது பார்க்கிறான்.

தரகர்களிடமாவது கூலியைக் கூட்டிக் கேட்கக் கூடாதா என்றார் நண்பர்.

“கேட்டேன் சார். டீசல் எஞ்சினை மாத்திக்கிறேன்னு சொல்லிட்டுப் போறான்” என்றார் பாய், பிட்டைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டே.