கேம்பிரிட்ஜ் இருட்டறையில் ஒரு வேட்டை

மார்கழிப் பனிக்கு அவனியாபுரத்தில் காதைச் சுற்றி மஃப்ளர் கட்டுவோம். கேம்பிரிட்ஜின் ஜனவரிக் குளிருக்கு மஃப்ளர் எம்மாத்திரம்! பேசினால் வாயிலிருந்து புகை வருகிறது. எட்டு மணிக்குத்தான் விடிகிறது. அந்தக் குளிரிலும் தெருவெல்லாம் சைக்கிள்கள். தலை நரைத்தவர்கள்கூட விறுவிறுவென்று மிதித்துப் போகிறார்கள்.

அங்கே ஆராய்ச்சி செய்யும் அக்கா மகள், "வாங்க மாமா, டி செல் வேட்டையாடுறதைப் பாருங்க" என்று இருட்டறைக்குக் கூட்டிப்போனாள். ஸ்பிரிட் வாடை குப்பென்று அடித்தது. வெளியே பல் கிட்டும் குளிர்; நுண்ணோக்கியைச் சூழ்ந்த பெட்டிக்குள்ளோ 37 டிகிரி! செல்கள் உயிரோடு இருக்க உடம்புச் சூடு வேண்டுமாம்.

திரையில் நீலமாகப் புற்றுநோய்ச் செல். பச்சையாய் ஒளிர்ந்தபடி ஊர்ந்து வந்தது டி செல், உடம்பைக் காக்கும் நோயெதிர்ப்புச் செல். அகலம் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு! எங்கள் தெருவில் புது ஆள் நுழைந்தால் திண்ணைப் பெரியவர், "எந்த ஊருய்யா, யாரு வீட்டுக்கு?" என்று கேட்காமல் விடமாட்டார். இதுவும் அப்படித்தான், எதிர்ப்படும் செல்லையெல்லாம் தொட்டுத் தொட்டு விசாரிக்கிறது. ஏறக்குறைய ஒவ்வொரு செல்லும் தனக்குள் இருக்கும் புரதங்களின் துணுக்குகளை மேற்பரப்பில் ஏந்திக் காட்டுகிறது. புற்றுக்கே உரிய துணுக்கு, அதாவது ஆன்டிஜென், தன் ஏற்பியில் பொருந்திவிட்டால் டி செல் அங்கேயே ஒட்டிக்கொள்கிறது.

ஒட்டும் இடத்தில் நடப்பதுதான் அதிசயம். நடுவில் ஏற்பிகள் குவிய, சுற்றிலும் ஒட்டுப் புரதங்கள் வட்டம் கட்டுகின்றன. 1998இல் டென்வரில் ஆபிரகாம் குப்ஃபர் குழு இந்த வட்டத்தைப் படமெடுத்தது. அடுத்த ஆண்டே மைக்கேல் டஸ்டினும் கூட்டாளிகளும் கண்ணாடிமேல் கொழுப்புச் சவ்வைப் பரப்பி, டி செல்லை அதில் இறக்கி, வட்டம் உருவாவதை உயிரோட்டமாகவே பார்த்துவிட்டார்கள். அப்புறம் எரிக் பெட்சிக் ஒளியையே மெல்லிய தகடாக்கினார். செல்லை வாட்டாமல் முப்பரிமாணப் படம் கிடைத்தது. அதை வைத்து 2015இல் இதே கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கில்லியன் கிரிஃபித்ஸ் குழு எடுத்த படம் உலகெங்கும் ஓடியது.

திரையில் சிவப்புப் பொட்டுகள் அந்த ஒட்டுமிடத்துக்கு விரைந்தன. நச்சுப் பைகளாம். அவற்றிலுள்ள பெர்ஃபோரின் துளையிட, கிரான்சைம் உள்ளே பாய்கிறது. நீலச் செல் கொப்பளித்துச் சுருண்டது. டி செல் அடுத்ததைத் தேடிக் கிளம்பிவிட்டது. அடேயப்பா, என்ன வேகம், என்ன நிதானம்!

இந்த அறிவு நம் நாட்டிலும் மருந்தாகியிருக்கிறது. ஐஐடி பம்பாயும் டாட்டா நினைவு மருத்துவமனையும் உருவாக்கிய நெக்ஸ்கார்19 சிகிச்சையில், நோயாளியின் டி செல்லுக்கே, புற்றுச் செல்மேல் இருக்கும் சிடி19 என்னும் அடையாளத்தைக் கண்டுபிடிக்கும் ஏற்பியைப் பொருத்துகிறார்கள். 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது.

அந்தக் கேம்பிரிட்ஜ் குழு எடுத்த படம் யூடியூபில் இலவசமாகவே கிடைக்கிறது. நம்ம ஊர் அறிவியல் ஆசிரியர்களே, பிள்ளைகளுக்கு அதைப் போட்டுக் காட்டுங்கள்.