பத்தடிக் கூடத்திற்கு எத்தனை புள்ளிகள்?

இல்லச் சந்திப்பிற்குச் செல்லும் பங்குத்தந்தையிடம் மக்கள் கேட்கும் கேள்விகள் காலத்தோடு மாறி வருகின்றன. பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, மனையை விற்கலாமா என்று கேட்டு வந்தவர்கள், அண்மைக் காலமாக எந்தத் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கலாம் என்றும் கேட்கத் தொடங்கியுள்ளனர். "சாமி, 4கே என்றால் நான்கு மடங்கு தெளிவு என்கிறார்களே, உண்மையா?" என்பதே அக்கேள்வியின் சாரம். இளமையில் இயற்பியலைச் சிறிது விரும்பிப் படித்தவன் என்ற துணிவில், அளவு நாடாவும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கண்டதை இங்கே எழுதுகிறேன்.

நான்கு மடங்கு என்பது பொய்யன்று. ஆனால் அது புள்ளிகளின் எண்ணிக்கை. திரையில் தோன்றும் படம் மிகச் சிறிய புள்ளிகளால் ஆனது. 'ஃபுல் எச்.டி.' எனப்படும் திரையில் கிடையாக 1920, நெடுக்காக 1080 என ஏறக்குறைய 21 இலட்சம் புள்ளிகள் உள்ளன. 4கே திரையில் 3840க்கு 2160, அதாவது 83 இலட்சம். 8கே என்பதிலோ 3 கோடியே 32 இலட்சம்! புள்ளிகள் பெருகின என்பது கடைக்காரரின் கணக்கு. அவற்றைக் கண் பிரித்துக் காண இயலுமா என்பது வீட்டுக்காரரின் கணக்கு. இவ்விரண்டிற்கும் இடையே நாம் அமர்ந்திருக்கும் தொலைவு நிற்கிறது.

என் தலைமுறையினர் இதனை அனுபவத்தால் அறிவர். சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் தொடங்கியது. ஆயினும் தென்கோடிக் கடற்கரையில் இருந்த எங்களுக்கு அது செவிவழிச் செய்தியே. 1982இல் இலங்கையின் ரூபவாகினி தொடங்கிய பின்னரே, நெடிய இரும்புக் குழாயின் உச்சியில் ஆன்டெனாவைக் கட்டி, கடல் தாண்டி வந்த படத்தை நாங்கள் கண்டோம். ஒருவர் கூரைமேல் நின்று குழாயைத் திருப்ப, மற்றொருவர் வாசலில் நின்று "போதும், போதும்!" என்று கூவுவார். திரையெங்கும் வெண்புள்ளி மழை. அக்குறை அலையின் வலுவின்மையால் வந்ததேயன்றித் திரையால் வந்ததன்று. பின்னர், 2006இல் தமிழக அரசு வழங்கத் தொடங்கிய 14 அங்குல வண்ணப் பெட்டியை எண்ணிப் பாருங்கள். அக்காலத்துப் படத்தில் கண்ணுக்குத் தெரியும் வரிகள் 576. அச்சிறு திரையை எட்டடித் தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அவ்வரிகளே தேவைக்கு மிகுதி. நாலடிக்கு அருகே நெருங்கினால்தான் வரிகள் தனித்தனியே தெரியும். ஆகவே அன்றைய பெட்டிக்குப் புள்ளிப் பஞ்சம் இருந்ததில்லை. திரை அகன்றபோதுதான் அப்பஞ்சம் பிறந்தது.

கண் மருத்துவர் 6/6 என்று குறிக்கும் நல்ல பார்வை, ஒரு பாகையில் 60இல் ஒரு பங்கு அளவுள்ள நுணுக்கத்தைப் பிரித்தறியும் என்பது நெடுநாளைய கணக்கு. ஜப்பானிய ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே., 1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக் விளையாட்டுகளுக்குப் பின்னர் நுண்தெளிவுத் தொலைக்காட்சி ஆய்வில் இறங்கியது. திரையின் உயரத்தைப்போல் மும்மடங்கு தொலைவில் அமர்பவரை மனத்திற்கொண்டே அம்முறை வகுக்கப்பட்டது. இக்கணக்கின்படி, 43 அங்குல ஃபுல் எச்.டி. திரையை ஐந்தரை அடிக்கு அப்பால் இருந்து பார்ப்பவர் புள்ளிகளைப் பிரித்துக் காணமாட்டார்.

எனினும் கண்ணின் ஆற்றலைச் சற்றே குறைத்து மதிப்பிட்டுவிட்டோம் என்கிறது ஒரு புதிய ஆய்வு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தாரும் மெட்டா நிறுவன ஆய்வாளரும் இணைந்து 2025ஆம் ஆண்டு வெளியிட்டது அது. கருமை வெண்மைப் படங்களில் ஒரு பாகைக்கு 60 அன்று, 94 புள்ளிகள் வரை கண் பிரித்தறிகிறதாம். சிவப்பு, பச்சை வேறுபாட்டில் 89. மஞ்சள், ஊதா வேறுபாட்டில் 53 மட்டுமே. இப்புதிய அளவை வைத்துப் பார்த்தும் அவர்கள் கண்ட முடிவு யாதெனில், இரண்டரை மீட்டர் தொலைவில் உள்ள 44 அங்குலத் திரையில் 4கேயோ 8கேயோ இருப்பதால், ஃபுல் எச்.டி.க்கும் 4கேக்கும் இடைப்பட்ட ஒரு திரையைவிட யாதொரு நன்மையும் இல்லை என்பதே. இரண்டரை மீட்டர் என்பது எட்டடிக்குச் சற்று மேல். நம் வீட்டுக் கூடங்களின் அளவும் ஏறத்தாழ அதுவே அன்றோ?

என் நாடா கூறியதும் இதுவே. எட்டடித் தொலைவில் 43 அங்குல ஃபுல் எச்.டி. திரை ஒரு பாகைக்கு 86 புள்ளிகளைத் தருகிறது. கூரிய இளங்கண் ஒன்று சிற்றெழுத்துகளில் மட்டும் குறை காணக்கூடும். 55 அங்குலமாயின் 67ஆகவும், 65 அங்குலமாயின் 57ஆகவும் குறைகிறது. அத்தகைய பெருந்திரையில் 4கே பயனுள்ளதே. அதனை வீண் பகட்டு என்று நான் கூறமாட்டேன். 65 அங்குல 4கே திரையோ அதே தொலைவில் 114 புள்ளிகளைத் தந்து, கண்ணின் எல்லையைக் கடந்து விடுகிறது. அதற்கு மேலும் 8கே வாங்குபவர் அதன் சிறப்பைக் காண ஆறரை அடிக்குள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். ஜப்பானில் 2018 டிசம்பர் 1 முதல் 8கே ஒளிபரப்பு நடைபெற்றது உண்மையே. நம் நாட்டில் அப்படியொரு அலைவரிசை இல்லாதபோது, அப்பெட்டியில் எதைப் பார்ப்பது?

நிற்க. எதைப் பார்ப்பது என்ற இக்கேள்வியே என்னைக் கேட்டால் முதற்கேள்வி. கேபிள் வழியே வரும் சாதாரண அலைவரிசையின் படத்தில் இருப்பவை நான்கு இலட்சத்துச் சில்லறைப் புள்ளிகள். அவற்றைக் கொண்டு 83 இலட்சம் இடங்களை நிரப்ப வேண்டுமாயின், வந்த ஒரு புள்ளியிலிருந்து 20 புள்ளிகளைப் பெட்டியே கணித்து உண்டாக்க வேண்டும். நல்ல பெட்டி இதனைத் திறமையாகச் செய்யும். எனினும் இல்லாத விவரத்தை அதனால் படைக்க இயலாது. 65 அங்குலத்தில் செய்தி வாசிப்பவரின் முகம் மெழுகு பூசியதுபோல் தோன்றுவது இதனாலேயே. உண்மையான 4கே படம் இணையம் வழியேதான் பெரும்பாலும் வருகிறது. அதற்கு நொடிக்குச் சுமார் 15 மெகாபிட் வேகம் இடையறாது வேண்டும். ஒரு மணி நேரத்திற்கு ஏழு ஜி.பி.க்கு அருகே செலவாகும். சில நிறுவனங்கள் தங்கள் உயர்கட்டணத் திட்டத்தில் மட்டுமே 4கே தருகின்றன. பெட்டிக்கு ஒருமுறை கொடுக்கும் விலையோடு, திங்கள்தோறும் கொடுக்கும் விலையும் உண்டு என்பதைக் கடையில் எவரும் எடுத்துரைப்பதில்லை.

இக்கணக்கை நான் போடக் காரணமாயிருந்த ஒரு வீட்டைப் பற்றிக் கூற வேண்டும். குடும்பத் தலைவர் தனியார் பேருந்து ஓட்டுநர். 65 அங்குல 4கே பெட்டியை 24 மாதத் தவணையில் எடுக்க முடிவாகியிருந்தது. "ஏனப்பா இவ்வளவு பெரிது?" என்றேன். "அப்பாவுக்காகத்தான் சாமி. பழைய டி.வி.யில் படமெல்லாம் மங்கலாகத் தெரிகிறது என்று தினமும் குறைப்பட்டுக்கொள்கிறார். பாவம், அவருக்கு வேறு பொழுதுபோக்கு இல்லை" என்றார். அவர்களிடம் இருந்தது 32 அங்குலப் பெட்டி, பழுதொன்றும் இல்லை, எனக்குப் படம் தெளிவாகவே தெரிந்தது. பெரியவர் அமரும் நாற்காலிக்கு எதிர்ச்சுவரில் நாட்காட்டி தொங்கிற்று. "ஐயா, இன்று என்ன தேதி என்று பார்த்துச் சொல்லுங்களேன்" என்றேன். உள்ளங்கை அகலத்தில் அச்சிட்ட எண். அவர் சற்று நேரம் உற்று நோக்கிவிட்டு, "பனி மூட்டமா இருக்கு சாமி" என்றார்.

கண்புரை என்பதை அறிய மருத்துவம் பயின்றிருக்க வேண்டியதில்லை. விழியின் வில்லையே மங்கிவிட்டபின் 83 இலட்சம் புள்ளிகள் இருந்தென்ன, 3 கோடி இருந்தென்ன! மகனுக்கு முகம் சுருங்கிவிட்டது. தந்தையின் குறையைப் பெட்டியின் குறையாக எண்ணி ஓராண்டு கடந்திருந்தது. அவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. தந்தைக்காக இரண்டாண்டுக் கடனை ஏற்கத் துணிந்த பிள்ளை அவர். பெரியவருக்கு ஒரு கண்ணில் அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. மறு கண்ணுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். பெட்டியும் வாங்கினார்கள், 43 அங்குலத்தில், தவணையின்றி. அதுவும் 4கே தான். அந்த அளவிற்கு மேற்பட்டவற்றில் பெரும்பாலானவை இன்று 4கே ஆகவே வருவதால், ஃபுல் எச்.டி.யைத் தேடி அலைவதில் பொருளில்லை என்று நானே கூறினேன்.

வாங்க எண்ணுவோர் புள்ளிகளை விட்டுவிட்டு வேறு சிலவற்றைப் பார்த்தல் நலம். இரவுக் காட்சியில் கருமை கருமையாகத் தெரிகிறதா, சாம்பல் பூத்து நிற்கிறதா என்று கவனியுங்கள். ஓ.எல்.இ.டி. திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே அணைவதால் கருமை முழுமையாயிருக்கும், விலைதான் எட்டாது. எச்.டி.ஆர். என்ற முத்திரை மலிவான பெட்டிகளிலும் ஒட்டப்பட்டிருக்கும். ஆனால் அதற்கு வேண்டிய ஒளிவலிமை பலவற்றில் இல்லை. மெல்லிய பெட்டிகளின் ஒலிபெருக்கி கீழ்நோக்கியோ பின்நோக்கியோ இருப்பதால் பேச்சு தெளிவாய்க் கேட்பதில்லை. முதியோர் உள்ள வீட்டில் மிச்சப்பட்ட பணத்தைத் தனி ஒலிபெருக்கிக்குச் செலவிடலாம்.

கடையில் ஓடும் படத்தை நம்பி மயங்க வேண்டாம். கிளியும் அருவியும் பூக்களும் 4கேயிலேயே எடுக்கப்பட்டு, கண்ணைப் பறிக்கும் ஒளியில் காட்டப்படுகின்றன. நாமோ இரண்டடித் தொலைவில் நிற்கிறோம். எட்டடி பின்னே தள்ளி நின்று, நம் வீட்டில் வரும் சாதாரண அலைவரிசையைப் போடச் சொல்லுங்கள். விற்பனையாளர் முகம் கோணினாலும் போடுவார். பெட்டி வீட்டிற்கு வந்தபின், 'விவிட்' என்றிருக்கும் பட அமைப்பைச் 'சினிமா' என்று மாற்றி வையுங்கள். முதல் இரண்டு நாள் மங்கலாகத் தோன்றும். மூன்றாம் நாள் மனிதர் முகம் மனிதர் நிறத்தில் தெரியும்.