சுகர் அவருக்கு, அடுப்பு எனக்கு

கோயம்புத்தூர்

அடி ராசாத்தி,

உன் கடிதம் வந்து ரொம்ப நாளாச்சு, பதிலே இல்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாய், தெரியும். போனில் பேசினால் அரை மணியில் முடிகிற சமாசாரம்தான். ஆனால் நான் போனை எடுத்ததுமே இவர் பக்கத்து நாற்காலியில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். பேப்பர் படிக்கிற மனுஷனுக்குக் காது எதற்கு இந்தப் பக்கம் நீளணும், நீயே சொல்லு. அவரைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது, அதனால் எழுதியே தீர்த்துவிடுகிறேன்.

அண்ணனுக்குச் சுகர் 'பார்டர்' என்று டாக்டர் சொல்லிவிட்டார், இந்தத் தீபாவளிக்குச் சீனி போடாமல் கேக்கும் பலகாரமும் எப்படிச் செய்யறது என்று கேட்டிருக்கிறாயே, படித்துவிட்டுச் சிரித்தேன். பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய ஊரில் உட்கார்ந்துகொண்டு, வாசலில் இறங்கினால் நாலு கடையில் கோவா கிண்டுகிற வாசனையை வைத்துக்கொண்டு, சீனியில்லாப் பலகாரத்துக்குக் கோயம்புத்தூரிடம் வழி கேட்கிறாய். கேட்டது சரியான ஆளிடம்தான். இவருக்குச் சுகர் வந்ததிலிருந்து இந்த வீட்டில் சாப்பாட்டு முறை மாறினது அவருக்கு, சமையல் மாறினது எனக்கு. அவர் செய்த ஒரே வேலை, "இனிமே நமக்குச் சீனி வேண்டாம்" என்று ஒரு தீர்மானம் போட்டது. அந்த 'நமக்கு'வைக் கவனித்தாயா?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சீனி வெறும் இனிப்புக்குத்தான் என்று நாம் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தோம் இல்லையா, அதை எடுத்துவிட்டுப் பார்க்கும்போதுதான் அது அடுப்படியில் எத்தனை வேலை பார்த்துக்கொண்டிருந்தது என்று தெரிகிறது. கேக்கில் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது அதுதான். வெண்ணெயோடு சேர்த்து அடிக்கும்போது காற்றை உள்ளே இழுத்து வைத்து உப்ப வைக்கிறதும் அதுதான். மேலே பொன்னிறமாகச் சிவக்கிறதே, அதிலும் அதுக்குப் பங்குண்டு. அதனால் சீனியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நாலு சொட்டு ஸ்டீவியாவை விட்டால் இனிப்பு வரும், கேக் வராது. ஸ்டீவியா என்பது நம்ம ஊர் நர்சரியில் சீனித் துளசி என்று விற்கிறானே, அந்த இலைச் சத்துதான். சீனியைவிட 200, 300 மடங்கு தித்திப்பு. கை கொஞ்சம் தாராளமானாலும் கடைசியில் ஒரு கசப்பு நாக்கில் நிற்கும். ஆஸ்பார்டேம் என்று இன்னொன்று இருக்கிறது, அதைச் சூட்டில் வைத்தால் இனிப்பே போய்விடும், ஆறின காப்பிக்கு ஆகும், அடுப்புக்கு ஆகாது.

நான் கடைசியில் வந்து சேர்ந்தது எரித்ரிட்டால் என்கிற ஒன்றுக்கு. பார்க்கச் சீனியேதான், இனிப்பு மட்டும் சீனியில் 100க்கு 70 பங்கு. ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றாது. ஆனால் நாக்கில் பட்டதும் ஒரு குளிர்ச்சி, பல் தேய்த்துவிட்டுக் கேக் தின்கிற மாதிரி இருக்கும். அத்தையிடம் ஒரு துண்டு கொடுத்தேன், வாயில் போட்டுக்கொண்டு, "என்னம்மா, கற்பூரம் போட்டியா?" என்று கேட்டார். ஏலக்காயும் கொஞ்சம் சுக்கும் சேர்த்தால் அந்தக் குளிர்ச்சி அடங்குகிறது. பொடித்துத்தான் போடணும், இல்லாவிட்டால் ஆறினதும் மறுபடி கல்கண்டாகி நறநறவென்று கடிபடும்.

அதனால்தான் சொல்கிறேன், அதிரசத்தை மறந்துவிடு. இந்தச் சாமானுக்குப் பாகே வராது. கம்பிப் பதம், உருட்டுப் பதம் எதுவும் கிடையாது, காய்ச்சினால் தண்ணீராய் இருக்கும், இறக்கினால் உறைந்து படிகமாகும். பாகு எடுக்கிற பலகாரம் எதையும் இதில் செய்ய முயற்சி பண்ணாதே. அதிரசம் என்றால் அரிசி மாவு வேறு, வெல்லத்தை எடுத்துவிட்டாலும் பாதிச் சர்க்கரை மாவிலேயே உட்கார்ந்திருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தரம் அண்ணனுக்கு நிஜ அதிரசம் பாதி கொடு, போதும். பொய் அதிரசம் நாலு கொடுக்கிறதைவிட அது மரியாதை.

உன் ஊர்ப் பெருமைக்கும் ஒரு வார்த்தை. சீனி போடாமல் பாலை மட்டும் சுண்ட வைத்துக் கோவா கிண்டிவிடலாம் என்று உனக்குத் தோன்றும், எனக்கும் தோன்றியது. ஒரு லிட்டர் பாலில் இயற்கையாகவே கிட்டத்தட்ட 50 கிராம் பால் சர்க்கரை இருக்கிறது. சுண்டச் சுண்டத் தண்ணீர்தான் ஆவியாகிறது, அது அப்படியே நிற்கும். லிட்டர் பாலை 200 கிராம் கோவாவாக்கினால் அதில் கால் பங்கு சர்க்கரை, நாம் ஒரு ஸ்பூன்கூடப் போடாமலேயே! கடைக்காரர் 'சுகர் ஃப்ரீ' என்று எழுதி வைத்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

கேக் விஷயத்துக்கு வருகிறேன். மைதா 100 கிராமில் 75 கிராம் மாவுச்சத்து. பாதாம் மாவில் சுமார் 20தான், அதிலும் பாதிக்கு மேல் நார்ச்சத்து. அதனால் பாதாம். கிலோ என்ன விலை விற்கிறது என்று உனக்குத் தெரியும். இவர் ஆபீஸிலிருந்து வந்து "கேக் கொஞ்சம் உதிருதே" என்று சொல்லும்போது அந்த உதிரலை எல்லாம் கூட்டி எடுத்து எடை போட்டு விலையைச் சொல்லலாமா என்று வரும். அடக்கிக்கொள்வேன். கடையில் பொடியாக விற்கிறதை வாங்காதே, வீட்டிலேயே மிக்ஸியில் விட்டு விட்டுச் சுற்றிச் சலித்துக்கொள். ஒரேயடியாக ஓட்டினால் எண்ணெய் விட்டுக் களியாகிவிடும். 200 கிராம் பொடி, 4 முட்டை, உருக்கின வெண்ணெய் 100 கிராம், எரித்ரிட்டால் பொடி 80 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. 160 டிகிரியில் 35, 40 நிமிஷம். மேலே சீக்கிரம் நிறம் வந்துவிடும், ஏமாறாதே, குச்சியை விட்டுப் பார். ரொம்ப முக்கியம், நன்றாக ஆறின பிறகு வெட்டு. இதில் மைதாவின் பசை கிடையாது, சூட்டில் கத்தியை வைத்தால் உதிரி உப்புமாதான். தேங்காய் மாவு வாங்கிப் பாதாமுக்குப் பதில் அளவுக்கு அளவு போட்டுவிடாதே. அது ஊற்றின ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும், கால் பங்கு போட்டாலே முட்டை கூடக் கேட்கும்.

ரொட்டிக் கதையைக் கேள். பாதாம் மாவை ரொட்டியாகச் சேர்த்துப் பிடிக்க இசப்கோல் உமி வேண்டும். ஆமாம், அதேதான், மலச்சிக்கலுக்குத் தாத்தா ராத்திரி வெந்நீரில் கரைத்துக் குடிப்பாரே, அது. குஜராத்தில் உஞ்ஜா என்ற ஊரில் அதுக்கென்றே பெரிய சந்தை இருக்கிறது. இங்கே கிடைக்கிறது மருந்துக் கடையில்தான். நான் போய் நாலு பாக்கெட் கேட்டேன். பையன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, ரொம்பக் கஷ்டமா இருந்தா டாக்டரைப் பாருங்க" என்கிறான். பின்னால் நின்றது எங்க காம்பவுண்டு செயலாளர். ரொட்டி சுடத்தான் வாங்குகிறேன் என்று விளக்கம் சொன்னேன், அது இன்னும் மோசமாகப் போய்விட்டது, இப்போது லிஃப்டில் பார்க்கிறவர்கள் எல்லாம் என் வயிற்றை விசாரிக்கிறார்கள். ரொட்டி என்னவோ நன்றாகத்தான் வந்தது. சில கம்பெனி உமியில் செய்தால் வெந்த பிறகு ஊதா நிறமாகும், கெட்டுப்போச்சு என்று கொட்டிவிடாதே.

இதெல்லாம் இந்தக் காலத்து நாகரிகம் என்று நினைக்காதே. என் பெண் சொன்னாள், இன்சுலின் 1921இல்தான் கண்டுபிடித்தார்களாம், அதுக்கு முன்னால் சர்க்கரை நோய்க்குச் சாப்பாட்டைக் குறைக்கிறது தவிர வழியே கிடையாது. பாரிஸில் பூஷர்தா என்று ஒரு வைத்தியர், 1870இல் அந்த ஊரைச் சத்ரு முற்றுகை போட்டு ஜனங்கள் சோறில்லாமல் கிடந்தபோது, தன்னிடம் வந்த சர்க்கரை நோயாளிகளுக்கு மட்டும் சிறுநீரில் சர்க்கரை குறைந்ததைக் கவனித்தாராம். கோதுமையில் மாவுச்சத்தைப் போக்கிவிட்டு மிஞ்சின பசையில் சுட்ட ரொட்டியைச் சாப்பிடச் சொன்னவரும் அவரே. பெயர் அவருக்குக் கிடைத்தது. மாவைப் பிசைந்து தண்ணீரில் அலசி அலசிப் பால் போகிற வரை நின்றது எந்த வீட்டுப் பெண்ணோ, அவள் கை எத்தனை வலித்ததோ, எவன் எழுதி வைத்தான்?

தினப்படி சமையலில் காலிஃப்ளவர்தான் எனக்குக் கை கொடுத்தது. துருவி, ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமல், மூடி போட்டு அதன் ஆவியிலேயே வேக விடு. தயிர்சாதம் பிரமாதமாக வரும், கடுகு, இஞ்சி, பச்சைமிளகாய் தாளித்துக் கொட்டினால் அண்ணனுக்கு வித்தியாசமே தெரியாது. தேங்காய்த் துருவலும் எலுமிச்சையும் அதுக்கு ஒத்துப்போகும். சாம்பார் மட்டும் ஊற்றிவிடாதே, குழைந்து காய் கூட்டாகிவிடும். சாம்பாருக்கு நிஜச் சோறு ஒரு கரண்டி, மீதித் தட்டு முழுக்கக் காய், பக்கத்தில் ஒரு முட்டை, இதுதான் இப்போது எங்கள் வீட்டு ஒப்பந்தம். இந்தியாவில் நாம் சாப்பிடுகிறதில் 100க்கு 60 பங்குக்கு மேல் சக்தி மாவுச்சத்திலிருந்துதான் வருகிறதாம், ஒரு கரண்டியாகக் குறைத்ததே பெரிய புரட்சி.

இதுக்கு நடுவில் என் நாத்தனார் ஒருத்தி. உடன்குடிக் கருப்பட்டி இரண்டு வட்டு கொண்டுவந்து, "அண்ணி, இது சுகருக்கு நல்லது, அண்ணனுக்கு இதில் காப்பி போடுங்க" என்று வைத்துவிட்டுப் போய்விட்டாள். கருப்பட்டி நல்ல பொருள்தான், நானும் மறுக்கவில்லை, ஆனால் அதில் பெரும்பங்கு சீனியில் இருக்கிற அதே சுக்ரோஸ்தான். கேழ்வரகும் அப்படித்தான், நார் உண்டு, சுண்ணாம்புச்சத்து உண்டு, கூடவே 100 கிராமுக்கு 65 கிராமுக்கு மேல் மாவுச்சத்தும் உண்டு. களியை மலையாகக் கிண்டி வைத்துவிட்டு "சிறுதானியம்" என்று சொன்னால் ரத்தம் ஒப்புக்கொள்ளுமா? கடை பிஸ்கட்டில் 'சுகர் ஃப்ரீ' போட்டிருந்தால் திருப்பிப் பார், முதல் பெயரே மைதாவாக இருக்கும்.

இனிப்பூட்டிகளையும் அளவோடுதான் வைத்துக்கொள். உலக சுகாதார நிறுவனம் 2023இல் உடம்பு இளைக்கிறதுக்காக இவற்றை நம்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அந்த அறிவுரை ஏற்கனவே சுகர் இருக்கிறவர்களுக்கும் எரித்ரிட்டால் வகைக்கும் பொருந்தாது. ஆனால் அதே வருஷம் எரித்ரிட்டால் ரத்தத்தில் கூடுதலாக இருந்தவர்களுக்கு மாரடைப்பு அதிகம் என்று ஒரு ஆராய்ச்சியும் வந்தது. அதனால்தான் மாரடைப்பு என்று அதில் நிரூபிக்கவில்லை, இருந்தாலும் எனக்கு ஒரு உறுத்தல். கேக் ஞாயிற்றுக்கிழமை மட்டும், ஒரு துண்டு மட்டும். இன்னொன்று, சைலிட்டால் என்று விற்கிற இனிப்பை மட்டும் உங்கள் வீட்டுக்குள் கொண்டுவராதே, நாய்க்கு அது விஷம், உன் மணி கீழே விழுகிற எதையும் விடாது.

இவ்வளவும் செய்து இவர் சுகர் குறைந்ததா என்று கேட்பாய். குறைந்தது. மூன்று மாதச் சராசரி நன்றாகவே இறங்கியிருக்கிறது. போன முகூர்த்தத்தில் கல்யாண வீட்டில் எல்லாரிடமும் "மனக்கட்டுப்பாடுதான் சார்" என்று சொல்லிக்கொண்டே ஜாங்கிரியை எடுத்தார். நான் பார்த்த பார்வையில் பாதியைத் திரும்ப இலையில் வைத்துவிட்டார்.

அண்ணன் மாத்திரை போடுகிறாரா, ஊசி போடுகிறாரா என்று நீ எழுதவில்லை. போடுகிறவர் என்றால் டாக்டரைக் கேட்காமல் சோற்றைத் திடுதிப்பென்று குறைத்துவிடாதே. சாப்பாடு குறைந்து மருந்து மட்டும் பழைய அளவிலேயே இருந்தால் சர்க்கரை கீழே இறங்கி மயக்கம் வந்துவிடும், அதுதான் மேலே ஏறுகிறதைவிட உடனடி ஆபத்து.

அப்புறம் ராசாத்தி, அண்ணனைப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போகிற அன்றைக்கு நீயும் காலையில் காப்பி குடிக்காமல் போ. மிஞ்சின சோற்றையும், அவருக்கு வேண்டாம் என்று ஒதுக்கின இனிப்பையும் வீணாக்கக் கூடாது என்று வாயில் போட்டுக்கொள்கிறது நாம்தான். உன் அம்மாவுக்கும் சுகர் இருந்தது. நீயும் ரத்தம் கொடுத்துப் பார்த்துவிட்டு, என்ன எண் வந்தது என்று எனக்கு எழுது.

உன்,
பழைய பெஞ்சுக்காரி