விக்கிரவாண்டி வழியே ஒரு தோட்டப் பயணம்

சென்னையிலிருந்து திருச்சி நோக்கிச் செல்லும் பேருந்து திண்டிவனத்தைக் கடந்து விக்கிரவாண்டியை நெருங்கும்போது, சற்றே சன்னல் வழியே பாருங்கள். ஏரியும் கிணறும் கைகொடுக்கும் இடங்களில் கரும்பும் நெல்லும் செழித்திருக்கும். நீர் எட்டாத மேட்டு நிலங்களில் பனையும் சீமைக் கருவேலமும் நிற்கும். இடையிடையே புது வீடுகளையும் காண்பீர்கள். சபர் சென்று, அரபு நாட்டு வெயிலில் உழைத்தவர்களின் சேமிப்பில் எழுந்தவையும் அவற்றுள் உண்டு. வீடு அழகாக இருக்கும். முற்றமோ முழுவதும் சிமெண்ட் தளமாக இருக்கும். ஆசையோடு வாங்கி வைத்த ரோஜாவும் குரோட்டன்சும் சித்திரை வெயிலில் கருகிக் கிடக்கும். “இந்த வறண்ட பூமியில் தோட்டம் எங்கே வரப்போகிறது?” என்று வீட்டார் கைவிட்டு விடுவார்கள்.

பூமி வறண்டிருப்பது உண்மைதான். ஆனால் மழை இல்லாமையா அதற்குக் காரணம்? விழுப்புரம் மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 மி.மீ. மழை பெய்கிறது. அபுதாபியில் 100 மி.மீ. பெய்வதே அரிது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது, விக்கிரவாண்டிக்கு அண்மையிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. இறைவன் கொடுக்கத் தவறவில்லை. வாங்கி வைக்க நம்மிடம்தான் பாத்திரம் இல்லை.

பாலைவன மக்கள் அந்தப் பாத்திரத்தைத்தான் முதலில் செய்தார்கள். அபுதாபியைச் சேர்ந்த அல் ஐன் நகரின் பேரீச்சஞ்சோலையை நம்மவர் பலர் கண்டிருப்பீர்கள். தொலைவிலுள்ள நிலத்தடி நீரை ‘ஃபலஜ்’ எனும் வாய்க்கால் வழியே கொண்டு வந்து, முறை வைத்துப் பாய்ச்சி வளர்த்த சோலை அது. உயரே பேரீச்சை, அதன் நிழலில் பழமரங்கள், அவற்றின் அடியில் கீரையும் தீவனமும். வெயிலையே அடுக்கடுக்காக வடிகட்டி விடுகிறார்கள். 2011இல் யுனெஸ்கோ நிறுவனம் அல் ஐனின் பண்பாட்டுத் தலங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது இச்சோலையும் அவற்றுள் இடம்பெற்றது.

அவ்வளவு தொலைவு போக இயலாதவர்கள் விக்கிரவாண்டியிலிருந்து கிழக்கே வானூர் வட்டத்துக்குப் போகலாம். அங்கே திருவக்கரையில், கல்லாகிப் போன பெருமரங்கள் தரையில் கிடப்பதைக் காணலாம். அவை சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்கிறார்கள் நிலவியலார். இன்னும் கிழக்கே சென்றால் ஆரோவில். 1968இல் அந்நகரம் தொடங்கப்பட்டபோது அது மரமற்ற செம்மண் மேடு. பெய்த மழை மண்ணையும் அரித்துக்கொண்டு கடலுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அங்கு வந்தவர்கள் சரிவுக்குக் குறுக்கே வரப்புகள் போட்டார்கள். ஓடைகளில் தடுப்பணை கட்டினார்கள். எந்த மண்ணிலும் வளரும் மரங்களை முதலில் நட்டு நிழல் உண்டாக்கினார்கள். அந்த நிழலில் வீரை, காசான், மகிழம், நாவல் போன்ற நம் நாட்டு மரங்களை வளர்த்தார்கள். இன்று அது காடு. பறவைகளே விதை தூவுகின்றன.

அல் ஐனிலும் ஆரோவிலிலும் வரிசை ஒன்றே: முதலில் நீருக்கு வழி, அடுத்து நிழல், அதன் பின்னரே விரும்பிய மரம். நாமோ முதல் வேலையாகச் செடி வாங்கி விடுகிறோம்!

ஸல்மான் பார்ஸி (ரலி) அவர்களின் வரலாறு இங்கு நினைவுகூரத் தக்கது. அடிமைத் தளையிலிருந்து விடுதலை பெற, 300 பேரீச்சங்கன்றுகளை நட்டுக் கொடுப்பதும் 40 ஊக்கியா பொன் தருவதும் அவர்களுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை. தோழர்கள் முப்பதும் இருபதும் பத்துமாகக் கன்றுகளை அளித்தார்கள். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஸல்மானிடம், முதலில் போய்க் குழிகளைத் தோண்டி வைக்குமாறு பணித்தார்கள். குழிகள் தயாரான பிறகே வந்து, தம் திருக்கரத்தால் நட்டார்கள். ஒரு கன்று கூடப் பட்டுப்போகவில்லை என்கிறது அறிவிப்பு.

ஆகவே சகோதரிகளே, முதல் தோட்டம் போடுமுன் ஒரு தாளில் வீட்டை வரைந்து, மூன்று குறிகள் இடுங்கள். மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது? மாலை வெயில் எந்தச் சுவரில் அறைகிறது? ஒளுச் செய்த நீர் எங்கே போகிறது?

இந்த மூன்றாவது கேள்வி நம் இல்லங்களுக்கே உரியது. நபி (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்து’, அதாவது ஒரு லிட்டருக்கும் குறைவான நீரில் ஒளுச் செய்தார்கள். நாம் சிக்கனமாக இரண்டு லிட்டர் செலவிட்டாலும், ஐந்து பேர் உள்ள வீட்டில் ஐவேளைக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் ஆகிறது. இந்த நீரைச் சாக்கடையில் விடாமல் சிறு வாய்க்கால் வெட்டி விட்டால் ஒரு மாதுளையும் கறிவேப்பிலையும் கோடையைத் தாண்டிவிடும். சோப்பு கலந்த குளியல் நீரை வாழைக்கும் கல்வாழைக்கும் விடலாம்.

அடுத்து, மேற்குப் பக்கம் வேம்போ புங்கமோ வையுங்கள். சுவரை ஒட்டி வேண்டாம். வேலிக்கு மருதாணி போதும். ஆடு அவ்வளவாக நாடாது, பெருநாளுக்குக் கைக்கும் ஆகும். உள்ளே மாதுளை, நெல்லி, சீத்தா, இலந்தை. முருங்கை விரைவில் காய்க்கும். ஆனால் காற்றில் ஒடியும் மரம். 2011 டிசம்பரில் தானே புயல் செய்த அழிவை இப்பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள். மின்கம்பியின் கீழ் அதை வைக்காதீர்கள்.

ஆடியில் குழி வெட்டி ஆறப் போடுங்கள். மேல்மண்ணோடு மக்கிய எருவும் வேப்பம் பிண்ணாக்கும் கலந்து நிரப்புங்கள். ஆவணி, புரட்டாசியில் நட்டால் ஐப்பசி மழை வேரைப் பிடித்துக்கொள்ளும். நாற்றங்காலில் உயரத்தையும் பூவையும் பார்த்து மயங்காதீர்கள். தண்டு பருத்த, இலை தெளிந்த சிறு கன்றே நன்று. பைக்குள் வேர் சுருண்டு கிடந்தால் அது நாள்பட்ட கன்று, விட்டுவிடுங்கள். நட்டபின் சருகுகளால் மூடாக்குப் போடுங்கள். அருகில் ஒரு மண்பானையைக் கழுத்துவரை புதைத்து, நீர் நிரப்பி மூடி வையுங்கள். பானை கசியக் கசிய வேர் குடித்துக்கொள்ளும்.

முதல் ஆண்டு ஐந்து கன்றுகள் போதும். ஐம்பது வாங்கி நாற்பத்தைந்தைச் சாகவிடுவதும் வீண்விரயமே. ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்கு ஸதகாவாகும் என்பது நபிமொழி. அந்த நன்மைக்குக் கன்று வாங்கினால் மட்டும் போதாது. அது பிழைத்து நிற்க வேண்டும். சிமெண்ட் தளத்தில் ஓரிடத்தையாவது இவ்வாண்டு உடைத்து, ஒரு குழியை வெட்டி வையுங்கள். இன்ஷா அல்லாஹ், கன்று தானே வந்து சேரும். வல்ல அல்லாஹ் நம் இல்லங்களைப் பசுமையாக்கி அருள்வானாக! ஆமீன்.